ஒண்ணு பாயிண்ட் ஏழு

தம்பி, அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க. அப்படியே மேசை மேல வைங்க. அட்டையைப் பார்த்தாலே தெரியுது, பூஸ்ட் கண்ட்ரோலர். இதை மாட்டறதுக்குன்னே சேலத்துல இருந்து வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கீங்க. கோயமுத்தூர்ல டர்போ வேலைன்னா கணபதி அங்கமுத்துகிட்டப் போங்கன்னு ஆரோ சொல்லியிருப்பாங்க. அது பழைய பேச்சுங்க. ஆறு வருசமா நான் அந்த வேலை எடுக்கறதில்ல. ஆயில் மாத்தறேன், பிரேக் பார்க்கறேன், கிளட்ச் போடறேன். போதும்.

உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பலாம். நெம்பப் பேரை அப்படித்தான் அனுப்பியிருக்கேன். நீங்க வெளியூரு, இன்னிக்குப் போனா திரும்ப இந்தப் பக்கம் வரப்போறதில்ல. அதனால சொல்றேன்னு வெச்சுக்கங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் பொய் சொல்லல. போலீஸ்லயும் சரி, கோர்ட்லயும் சரி, டிஸ்பிளேல என்ன இருந்துச்சோ அதைத்தான் சொன்னேன். ஒண்ணு பாயிண்ட் ஏழு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நானாச் சேர்த்துச் சொல்லல. இதை மனசுல வெச்சுட்டுக் கேளுங்க.

சந்திரமௌலின்னு ஒருத்தன். மௌலின்னு கூப்புடுவோம். அப்ப அவனுக்கு இருபத்தொம்பது வயசு. பீளமேட்டுல பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊத்தற பவுண்டரி, அவங்க அப்பா தெய்வசிகாமணி அய்யா கையால ஆரம்பிச்சது. ஒரே மகன். வாரத்துல ஆறு நாள் அந்தச் சூட்டுல வேகுவான். ஞாயித்துக்கெழமை ஆனா குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுட்டு இங்க வந்துருவான். அவன்கிட்ட ஒரு ஜப்பான் வண்டி இருந்துச்சுங்க. ரெண்டு கதவு, டர்போ, பின்சக்கர இழுவை. கொச்சில ஒரு டாக்டர் வெளிநாடு போறப்ப வித்துட்டுப் போனது. சாம்பல் கலரு. அதை அவன் தொடைக்கிறதைப் பார்க்கணுமே, பச்சப்பிள்ளைக்குத் தலை துவட்டற மாதிரி இருக்கும்.

என்ற மேல அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அங்கமுத்தண்ணா சொன்னாச் சரியா இருக்கும்பான். எதுக்கெடுத்தாலும் அதான். டயர் வாங்கறதா இருந்தாலும், அவங்கப்பாவுக்குச் செருப்பு வாங்கறதா இருந்தாலும் எனக்குப் போன் வரும். சிரிப்பா இருக்கும். ஆனா பெருமையா இருக்கும், அதைச் சொல்லாம இருக்க முடியுமா.

அந்த வருசம் ஆவணில உங்களாட்டமே ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். ஜப்பான்ல இருந்து தருவிச்சிருந்தான். "அண்ணா, கம்பெனி வெச்ச பூஸ்ட் பாயிண்ட் ஏழுதான். இதுல ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு வரைக்கும் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மாட்டிக் குடுங்க."

மாட்டறேன்னேன். எனக்கும் ஆசைதான். சும்மா எதுக்கு மறைக்கறது.

மறுநாள் காலைல அவங்கப்பா தனியா வந்து நிக்கறாரு. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பாக்கெட்டுல ஒரு சின்ன ஸ்கேல். அந்த ஸ்கேல் இல்லாம அவரை நான் பார்த்ததே இல்ல. மகன்கிட்டச் சொல்லாமத்தான் வந்திருக்காரு. "ஏப்பா அங்கமுத்து, அந்தப் பெட்டி என்ன பண்ணும்னு எனக்கு வெளங்கற மாதிரிச் சொல்லு"ன்னாரு.

குக்கரை வெச்சுத்தான் சொன்னேன். என்ஜின் விடற புகையோட வேகத்துல டர்போ சுத்தி, காத்தை அமுக்கி உள்ள தள்ளுது. அழுத்தம் ஒரு அளவுக்கு மேல போகக்கூடாதுன்னு குக்கர் விசில் மாதிரி ஒரு வாசல் இருக்குது. அழுத்தம் ஏறினா ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் வழியாக் காத்துப் போயி அந்த வாசலைத் தொறந்து விட்டுரும். இந்தப் பெட்டி அந்த ஹோஸுக்கு நடுவால ஒரு வால்வை வெச்சு, வாசல் கொஞ்சம் லேட்டாத் தொறக்கற மாதிரி பண்ணும். அழுத்தம் கூடும், பவர் கூடும். அவ்வளவுதாங்கய்யா.

"அப்ப விசிலைக் கையில அமுத்திப் பிடிக்கறது"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "அப்படி இல்லீங்கய்யா, அளவா"ன்னேன்.

குனிஞ்சு என்ஜினைப் பார்த்தாரு. இரும்பு உருக்கற மனுசன், பார்வையே வேற மாதிரி இருக்கும். அந்த ஹோஸை வெரலால தொட்டுக் காட்டி, "இது பிச்சுக்கிட்டா என்ன ஆகும்?"னு கேட்டாரு.

"பிச்சுக்காதுங்கய்யா."

"பிச்சுக்கிட்டா?"

"நான் மாட்டினா பிச்சுக்காதுங்க."

அப்பறம் "சரிப்பா"ன்னுட்டு கெளம்பினாரு. வாசல் வரைக்கும் போயித் திரும்பி, "நான் அதுல உக்கார்ற அன்னிக்கு பழைய அளவுலதான் ஓட்டணும்னு அவன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு வழி இருக்குதா?"ன்னாரு. இருக்குதுங்க, லோ, ஹைன்னு ரெண்டு வெச்சுத் தர்றேன், லோல போட்டா கம்பெனி அளவுதான், பாயிண்ட் ஏழுக்கு மேல போகாதுன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

மாட்டறதுக்கு ரெண்டு நாள் ஆச்சுங்க. அந்த ரெண்டு நாளும் எனக்குத் திருவிழாதான். டர்போக்கு எட்டத்துல, சூடு படாத எடமாப் பார்த்து வால்வை உக்கார வெச்சேன். தகட்டுல ஓட்டை போட்டு, விளிம்பு ஒயரை அறுக்காம இருக்க ரப்பர் வளையம் மாட்டினேன். கரண்ட் ஒண்ணு, எர்த் ஒண்ணு, என்ஜின் சுத்து ஒண்ணு, ஆக்சிலேட்டர் ஒண்ணு. நாலு ஒயரையும் முறுக்கி டேப் சுத்தற ஆள் இல்ல நான். ஒவ்வொண்ணையும் ஈயத்துல பத்த வெச்சு, மேல டியூப் போட்டுச் சுருக்கி, கம்பெனில இருந்தே அப்படி வந்தாப்ல பண்ணினேன். டிஸ்பிளேயை ஸ்டீரிங் பக்கத்துல, கண்ணை ரோட்டுல இருந்து எடுக்காம பார்க்கற எடத்துல வெச்சேன். அளவு மீறினா பீப், பீப்னு கத்தும். எவ்வளவு உச்சத்துக்குப் போச்சோ அதை ஞாபகம் வெச்சுக்கும். ஆரும் அழிக்கற வரைக்கும் மறக்காது.

ஹோஸ் முனை எல்லாத்துக்கும் கிளிப் போட்டேன். மூணுக்குப் போட்டேன். நாலாவது, அந்த வாசலைத் தொறக்கற எடத்துல மாட்டறது, டர்போக்கு அடியில இருக்கு. கை போகாது. அந்த சைஸ் கிளிப் டப்பாவுல தீர்ந்து போயிருந்துச்சு. ஹோஸ் அங்க இறுக்கமாத்தான் உக்காந்துச்சு, இழுத்துப் பார்த்தேன், வரல. அன்னிக்குச் சாயங்காலம் என்ற அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், வீட்ல போன் மேல போன். அடுத்த வாரம் கிளிப் வாங்கிப் போட்டுக்கலாம், வாடான்னு மௌலிகிட்டச் சொன்னேன். சொல்லியிருப்பேன். எப்பவும் சொல்றதுதான். ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டு வா, ஒருக்கா எல்லாம் இறுக்கிப் பார்த்துக்கலாம்னு எல்லாருக்கும் சொல்லுவேன். அவனுக்குச் சொல்லாம விட்டிருப்பனா?

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை போதுமா?

ஓட்டிப் பார்க்க அவினாசி ரோடு பைபாஸ் பக்கம் போனோம். அவன் ஓட்டறான், நான் பக்கத்துல டிஸ்பிளேயைப் பார்த்துட்டு வாரேன். லோல பாயிண்ட் ஏழு, துளி மேல போகல. ஹைல ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு, அங்கயே கட்டிப் போட்ட மாதிரி நின்னுச்சு. முதுகு சீட்டோட ஒட்டிருச்சுங்க. ஆக்சிலேட்டரை விட்டா "புஸ்ஸ்"னு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, உங்களுக்குத் தெரியுமே. மௌலி கத்தறான், "அண்ணா! அண்ணா!"ன்னு. வேற வார்த்தையே வரல அவனுக்கு. நானும் சிரிக்கறேன். அந்த மாதிரி நான் சிரிச்சது அதுதான் கடைசின்னு நெனைக்கறேன்.

புரட்டாசி போச்சு. அவன் கிளிப்புக்கு வரல. நானும் கூப்புடல.

ஐப்பசில மழை ஆரம்பிச்சுது. பொள்ளாச்சிக்கு அக்கட்ட சொந்தக்காரங்க வீட்டுப் புதுமனை புகுவிழா. வீட்டு வண்டி வேற வேலையா வெளிய போயிருந்துச்சு. அப்பா முதல்முதலா மகனோட வண்டியில ஏறி உக்காந்தாரு. அம்மா மயிலாத்தாள், அவங்களுக்கு முட்டிவலி, போகல. கேட்டுகிட்ட நின்னு வழியனுப்பினாங்க. இதெல்லாம் அந்தம்மா பின்னால எழவு வீட்ல என்ற கையைப் பிடிச்சுட்டுச் சொன்னது. "மெதுவா ஓட்டுவியாடா?"ன்னு அவரு கேட்டாராம். மௌலி டிஸ்பிளேயைத் தட்டிக் காட்டி, "லோல வெச்சிருக்கேன்ப்பா, பாருங்க. உங்களைக் கொண்டு வந்து வீட்ல விடற வரைக்கும் தொடமாட்டேன்"னானாம். அந்தம்மா காது கேக்க.

கிணத்துக்கடவு தாண்டி, ரோடெல்லாம் ஈரம். முன்னால ஒரு பால் வண்டி. அதைத் தாண்டறதுக்கு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அமுத்தியிருக்கான். பால் வண்டிக்காரர் சொன்னாரு, "பக்கத்துல வரைக்கும் ஒழுங்காத்தாங்க வந்துச்சு, திடீர்னு ஆரோ பின்னால இருந்து எட்டி ஒதைச்சாப்ல பாஞ்சுது, பின்பக்கம் சுத்திருச்சு"ன்னு. எடதுபக்கம் போயி மரத்துல அடிச்சிருச்சு. எடதுபக்கம் அப்பா.

அங்கயே போயிட்டாரு.

மௌலிக்குத் தலையில அடி. பதினோரு நாள் நெனப்பில்லாம கெடந்தான். கண்ணு முழிச்சப்ப அப்பா காரியமெல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு.

வண்டி ஸ்டேஷன்ல நின்னுச்சு. நாலாம் நாள் என்னைக் கூப்புட்டு விட்டாங்க. வண்டியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெட்டி என்னன்னு தெரியல. "நீதானே மாட்டினே, என்ன இதுன்னு சொல்லு"ன்னாரு. நடுப்பகல், வெயில் அடிக்குது, கான்ஸ்டபிள் ஒருத்தர் வேப்பமரத்தடியில சாப்புட்டுட்டு இருக்காரு. பானெட் கூரை மாதிரி மடங்கி நின்னுச்சு. நான் கையை உள்ள விட்டேன். எதுக்கு விட்டேன்? ஆரும் விடச் சொல்லல. கை தானாப் போச்சு, நேரா அந்த நாலாவது முனைக்கு.

தொங்கிட்டு இருந்துச்சுங்க.

சூட்டுல முனை வெறைச்சு, வழவழன்னு ஆயிருந்துச்சு. ரெண்டு வெரல்ல பிடிச்சுத் திரும்ப மாட்டிட்டேன். நெனச்சுச் செஞ்சது இல்ல. இத்தன வருசம் கழண்டு தொங்கற ஹோஸைப் பார்த்தா மாட்டித்தானே பழக்கம்.

மோதினதுல கழண்டிருக்கலாமேன்னு கேக்கறீங்க. நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டேன். வேற பேட்டரி வெச்சு டிஸ்பிளேயை எரிய விடற வரைக்கும் சொல்லிக்கிட்டேன். எரிஞ்சுது. மேல சின்ன எழுத்துல, லோ, பாயிண்ட் ஏழு. அவன் வெச்சது வெச்சபடி, அப்பாவுக்குக் காட்டினது காட்டினபடி இருக்குது. தொடல. கீழ பெருசா, உச்சம், ஒண்ணு பாயிண்ட் ஏழு. லோல இருக்கற வண்டி ஒண்ணு பாயிண்ட் ஏழுக்குப் போகணும்னா ஒரே வழிதான். ஓடிட்டு இருக்கறப்பவே அந்த ஹோஸ் கழண்டிருக்கணும். கழண்டா அந்த வாசல் தொறக்காது. அழுத்தம் போயிட்டே இருக்கும். ஈர ரோட்டுல பின்சக்கரத்துக்கு அது போதும்.

"என்னப்பா காட்டுது?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணு பாயிண்ட் ஏழு சார்."

"எவ்வளவு இருக்கணும்?"

"பாயிண்ட் ஏழு சார்."

"ஆரு ஏத்தறது?"

"உள்ள உக்காந்து ஓட்டறவங்கதான் சார் ஏத்தணும்."

இதுல என்ன பொய் இருக்குது, சொல்லுங்க? ஏத்தறதுன்னா ஓட்டறவங்கதானே ஏத்தணும். அவன் ஏத்தினான்னு நான் சொன்னனா? அவரு எழுதிக்கிட்டாரு. நான் பேட்டரியைக் கழட்டறதுக்கு முன்னால பட்டனை அமுத்திட்டேன். உச்சம், லோ, ஹை எல்லாம் அழிஞ்சு, புதுசா வந்தப்ப இருந்த மாதிரி சைபர் காட்டுச்சு. எப்பவும் வேலை முடிஞ்சா அழிச்சுட்டுத்தான் குடுப்பேன்.

மௌலி கண்ணு முழிச்சு மூணு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையில கட்டு, கால்ல கட்டு. என்னைப் பார்த்ததும் அழுதான். "அண்ணா, கேட்டைத் தாண்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. ஒரு பீப் சத்தம் மட்டும் கேக்குது. அது எதுக்குண்ணா வரும்?"

"அளவு மீறினா வரும்."

"நான் ஹைல போட்டனா அண்ணா? அப்பா பக்கத்துல உக்காந்திருக்கறப்பப் போட்டனா?"

அப்ப சொல்லியிருக்கலாம். ஆனா அவன் இருந்த நெலமைல எப்படிங்க சொல்றது? கொஞ்சம் தேறட்டும்னு நெனச்சேன். "டிஸ்பிளேல ஒண்ணு பாயிண்ட் ஏழு இருந்துச்சு மௌலி"ன்னேன்.

அவன் சொவுத்துப் பக்கம் திரும்பிட்டான். "அப்ப நான்தான். ஹைல போட்டு, அதுக்கு மேலயும் ஏத்தியிருக்கேன்."

கேஸ் நடந்துச்சு. அவங்க வக்கீலு, ஞாபகம் இல்லன்னு சொல்லு, சந்தேகம்னு விட்டுருவாங்கன்னாராம். அவன் கேக்கல. ஜட்ஜ் முன்னால நின்னு, நான்தான் ஏத்தியிருக்கேன், எங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கை மீறிட்டேன்னு ஒத்துக்கிட்டான். அன்னிக்கு நான் ஒண்ணு பாயிண்ட் ஏழுன்னு சாட்சி சொல்லி முடிச்சுட்டு, கூண்டு பக்கத்துல உக்காந்திருந்தேன். ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்தான். நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டாங்க.

அது கூடப் பரவால்லீங்க. அந்தம்மா அவன்கிட்டப் பேசறதை நிறுத்திட்டாங்க. ஒரே வீடு. சோறு ஆக்கி மேசையில மூடி வெச்சுட்டு உள்ள போயிருவாங்களாம். அவன் சாப்புட்டுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போவானாம். ஒரு வார்த்தை கெடையாது. பொங்கலுக்குக் கெடையாது, தீபாவளிக்குக் கெடையாது. ஒருக்கா காய்ச்சல்ல கெடந்தப்ப நெத்தியில ஈரத்துணி மட்டும் இருந்துச்சாம், முழிச்சுப் பார்த்தா ஆரும் இல்லையாம். ஆறு வருசம், தம்பி.

எனக்குன்னு கேட்டா, நான் நல்லாத்தான் இருக்கேன். தூக்கம் கொஞ்சம் கம்மி. அந்தப் பீப் சத்தம் மட்டும் ஆகறதில்ல. பேங்க்குல டோக்கன் மாறறப்ப அப்படித்தான் கத்துது. லாரி ரிவர்ஸ் எடுத்தாலும் அதேதான். மக வீட்டுக்குப் போயிருந்தேன், துணி தொவைக்கற மிஷின் முடிஞ்சதும் பீப், பீப்னுச்சு. நான் எந்திரிச்சுப் போயி அது பின்னால கையை விட்டு என்னமோ தேடிட்டு இருக்கேன். மக பயந்துட்டா. "என்னப்பா தேடறீங்க?"ங்கறா. என்னன்னு சொல்றது? இந்த ரெண்டு வெரல் இருக்குதே, இதுல இன்னும் அந்த ரப்பர் வழவழப்பு இருக்குது. பெட்ரோல்ல கழுவினாலும் போறதில்ல.

ஒவ்வொரு வருசமும் அப்பா திவசத்துக்கு முந்தின நாள் மௌலி இங்க வருவான். கால் கொஞ்சம் இழுக்கும். நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே ஸ்டூல்தான். பவுண்டரி, மழை, அது இதுன்னு பேசிட்டு, கெளம்பறப்பக் கேப்பான். "அண்ணா, ஒருக்காச் சொல்லுங்க. நான்தானே?" நான் அதே பதிலைச் சொல்லுவேன். ஒண்ணு பாயிண்ட் ஏழு இருந்துச்சு மௌலி. தலையை ஆட்டிட்டுப் போவான். அஞ்சு வருசம் அஞ்சு தரம். அவன் கேக்கறது மாறல, நான் சொல்றதும் மாறல.

இந்த வருசம் முன்னாலயே வந்துட்டான். போன மாசம், காலைல கடை தொறந்ததும். கையில ஒரு கிலோ மைசூர்பா. மொகத்தைப் பார்த்தா அந்தப் பைபாஸ்ல பார்த்த மொகம். "அண்ணா, அம்மா பேசிட்டாங்க!"

அந்தம்மாவுக்கு நெஞ்சுல அடைப்பு, ஆஸ்பத்திரில வெச்சு சரி பண்ணியிருக்காங்க. ஐசியூல இருந்து வெளிய கொண்டு வந்ததும் மகன் கையைப் பிடிச்சாங்களாம். "போனது போகட்டும் கண்ணு. உன்னை நான் மன்னிச்சுட்டேன். அவரும் மன்னிச்சிருப்பாரு"ன்னாங்களாம். சொல்லிட்டு இங்க நின்னு அழறான், சிரிக்கறான், மைசூர்பாவைப் பிச்சு என்ற வாயில வெக்கறான்.

அந்த ஒரு வார்த்தை. மன்னிச்சுட்டேன்னு. எதுக்கு மன்னிக்கறது? ஆரை மன்னிக்கறது? வாயில இனிப்போட நான் சொல்லிப்போட்டேன். நாலாவது முனை, கிளிப், பாயிண்ட் ஏழு அப்படியே இருந்தது, நான் கையை விட்டு மாட்டினது, அழிச்சது, எல்லாம். வரிசையாச் சொல்லல, முன்னப் பின்னத்தான் சொன்னேன். "நீ தொடலடா மௌலி. லோலதான் இருந்துச்சு. நீ வாக்கை மீறல."

அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருக்கலாம். எதிர்க் கடையில கிரைண்டர் ஓடிட்டு இருந்துச்சு, அது நிக்கற வரைக்கும் நின்னான். அப்பறம் ஸ்டூல்ல உக்காந்தான்.

"ஆறு வருசம்"னான். அவ்வளவுதான்.

"வா, இப்பவே போயி அம்மாகிட்டச் சொல்றேன். போலீஸ்ல வேணும்னாலும் சொல்றேன்"னேன். அந்த நிமிசம் சொல்லியிருப்பேன், நெசமாலும்.

ரெண்டு கையாலயும் மொகத்தைத் தொடச்சுட்டு நிமிந்தான். "வேண்டாம்ணா. அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க."

"ஏண்டா?"

"ஆறு வருசம் பெத்த மகன்கிட்டப் பேசாம இருந்திருக்காங்க. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, இருந்தாங்க. இப்ப அந்தக் காரணமே இல்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? இப்பத்தான் நெஞ்சுல கம்பி வெச்சிருக்கு. என்னைத் தண்டிச்சாங்க, மன்னிச்சாங்க, முடிஞ்சுது. அவங்களையும் எதுக்குண்ணா தண்டிக்கணும்?"

கெளம்பிட்டான். மைசூர்பா டப்பாவை எடுத்துட்டுப் போகல. என்னை ஒரு கெட்ட வார்த்தை பேசல. பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

இப்ப நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியும். அந்தம்மாகிட்டப் போயிச் சொல்ல வேண்டியதுதானேன்னு. அவனே வேண்டாங்கறப்ப நான் என்ன பண்ண? சொல்ல வேண்டியவன்கிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு மேல முடிவு அவன்து. அப்படித்தானுங்களே? நான் தயாராத்தான் இருந்தேன். இருந்தனா இல்லையா?

போன வியாழக்கெழமை திவசம். எல்லா வருசமும் எனக்குச் சொல்லி விடுவாங்க, எதாவது சாக்குச் சொல்லிப் போகமாட்டேன். இந்த வருசம் அந்தம்மாவே போன்ல கூப்புட்டாங்க. கொரல் மெலிஞ்சு போயிருந்துச்சு. "அங்கமுத்து, நீங்க கண்டிப்பா வரணும்"னாங்க. போனேன்.

கூடத்துல அய்யா படம், மாலை போட்டிருந்துச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்காம உக்காந்துட்டேன். எல போட்டாங்க. எனக்கு எதிர் எலையில மௌலி. அந்தம்மாவே, வேண்டாம் வேண்டாம்னு ஆளாளுக்குச் சொல்லியும், சொவுத்தைப் பிடிச்சுட்டு வந்து பரிமாறறாங்க. மகனுக்கு ஒரு கரண்டி கூடப் போடறாங்க. "இன்னும் கொஞ்சம் சாப்புடு கண்ணு"ங்கறாங்க. ஆறு வருசத்துக்கும் சேர்த்துப் போடறாங்க.

என்ற எலைகிட்ட வந்து நின்னாங்க.

"அங்கமுத்து, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்"னாங்க. "அன்னிக்கு நீங்க இருந்ததை இருந்தபடி சொன்னீங்க. பழகின பையனாச்சேன்னு மறைக்கல. மறைச்சிருந்தா இவன் ஒத்துக்கிட்டிருக்க மாட்டான். ஒத்துக்கிட்டதாலதான் என்னால இவனை மன்னிக்க முடிஞ்சுது. எம்மகனை எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான்."

நான் எலையைப் பார்த்தேன். வாயைத் தொறந்தேன்னுதான் நெனைக்கறேன்.

"அம்மா, அண்ணனுக்கு ரசம் ஊத்துங்க"ன்னான் மௌலி. தலையை நிமித்தல. சோத்தைப் பெசஞ்சுட்டே சொன்னான்.

ஊத்தினாங்க. குடிச்சேன். அப்பறம் இன்னொருக்காச் சோறு போட்டாங்க. அதையும் சாப்புட்டேன்.